பேட்டரி மேல் போட்ட பழி

ஒரு விஷயம் நமக்குத் 'தெரியும்' என்று எப்போது சொல்லலாம்? மனசுக்குப் பட்டதுமே சொல்லலாமா, இல்லை சோதித்துப் பார்த்த பிறகுதானா? யாரைக் கேட்டாலும் "சோதிச்ச பிறகுதான்" என்பார்கள். நானும் அப்படிச் சொல்கிறவன்தான். சமய வகுப்பில் பிள்ளைகளுக்கு அதைப் பாடமாகவே நடத்தியிருக்கிறேன். ஆனால் போன ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஸ்டார்ட் ஆகாத ஒரு காருக்கு முன்னால் நின்றபோது நான் நடந்துகொண்ட விதம் வேறு. அதை இங்கே எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எழுத வேண்டியது என் கடமை. ஏன் என்பது கடைசியில் புரியும்.

எங்கள் வீட்டில் ஓர் இஸ்வாரா இருக்கிறது. அப்பா 1996இல் வாங்கியது. கார்புரேட்டர் போட்ட பழைய இன்ஜின். இப்போதைய கார்களில் ஏதாவது கோளாறு என்றால் மெக்கானிக் ஒரு கருவியைச் செருகி, அது காட்டும் எண்ணைப் படித்து, "இதுதான்" என்று சொல்லிவிடலாம். எங்கள் கார் அப்படியெல்லாம் வாய் திறந்து பேசாது. அதற்கு என்ன நோய் என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்பா இப்போது ஓட்டுவதில்லை. எங்கள் இளைஞர் இயக்கக் கிளைக்குத்தான் அது வாகனம். நாற்காலி ஏற்றும், ஒலிபெருக்கி ஏற்றும், பிள்ளைகளை ஏற்றும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாநில அளவில் திருமுறை ஓதும் போட்டி. எங்கள் வகுப்பிலிருந்து மூன்று பிள்ளைகள். மூன்று மாதப் பயிற்சி. காலை ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டும். பிள்ளைகள் பாவாடை தாவணி, வேட்டி, திருநீறு எல்லாம் போட்டு வாசலில் தயாராக நிற்கிறார்கள். பெற்றோரும் வழியனுப்ப வந்திருக்கிறார்கள். நான் சாவியைத் திருப்புகிறேன். 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். மறுபடி திருப்புகிறேன். மறுபடி 'டக்'. அவ்வளவுதான்.

முதல் நாள் ராத்திரி அந்தக் காரை எடுத்துப் போனவன் எங்கள் கிளையில் இருக்கும் ஒரு தம்பி. வயது 19. படிவம் ஐந்தோடு படிப்பை விட்டவன். ஒரு சண்டையில் மாட்டி ஒரு தடவை போலிஸ் நிலையம் வரைக்கும் போய் வந்தவன். அவன் அம்மா வந்து, "எப்படியாவது உங்க கூட வெச்சுக்குங்க தம்பி" என்று கேட்டதால் சேர்த்துக்கொண்டோம். எட்டு மாதமாக ஒழுங்காகத்தான் வந்துகொண்டிருந்தான். வாடகைக்கு எடுத்த ஒலிபெருக்கியைத் திருப்பிக் கொடுக்க அவன்தான் காரை எடுத்துப் போனான். ராத்திரி கொண்டு வந்து விட்டான். காலையில் பிள்ளைகளோடு போவதற்கு அவனும் வந்து நின்றிருந்தான்.

எனக்கு விடை உடனே கிடைத்துவிட்டது. "ராத்திரி லைட்டை அடைக்காம போயிட்டே. பேட்டரி செத்துப் போச்சு."

"இல்லண்ணே, அடைச்சிட்டுத்தான் போனேன்."

"அப்புறம் எப்படிடா செத்துப்போகும்?"

அவன் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தான். "அண்ணே, இப்பவும் லைட் நல்லா எரியுதே..."

"நீ பேசாதே. மூணு மாசமா இந்தப் பிள்ளைங்க பாடுபட்டிருக்குது. உன்னை நம்பிக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

பெற்றோர் முன்னால் சொன்னேன். பிள்ளைகள் முன்னால் சொன்னேன். ஒரு அம்மா, "அந்தப் பையன்கிட்ட எல்லாம் ஏன் சாவியைக் குடுக்குறீங்க?" என்று சொன்னதும் என் காதில் விழுந்தது. நான் மறுத்துப் பேசவில்லை. தெரிந்த ஒருவரின் காரில் பிள்ளைகளை அனுப்பினோம். நேரம் தவறி, ஒரு பிள்ளைக்கு ஓதும் வாய்ப்பே போய்விட்டது. தம்பி எங்களோடு வரவில்லை. எப்போது போனான் என்றுகூட நான் கவனிக்கவில்லை.

மதியம் வீட்டுக்கே வந்து பேட்டரி மாற்றுகிறவரைக் கூப்பிட்டேன். பழையதைக் கழற்றினார், புதியதை வைத்தார், பழையதற்குக் கொஞ்சம் கழித்துக்கொண்டு 230 வெள்ளி வாங்கினார். சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பில் இன்ஜினுக்கு உயிர் வந்துவிட்டது. "பார்த்தீங்களா, நான் சொன்னேன்ல" என்று அப்பாவிடம் சொன்னேன்.

நான்கு நாள் கழித்து, வியாழக்கிழமை சாயங்காலம், கோயிலுக்குக் கிளம்பினேன். 'டக்'. அதே சத்தம். புது பேட்டரி.

மெக்கானிக் கேட்ட கேள்விகள்

எங்கள் தாமானுக்குப் பின்னால் ஒரு அங்கிள் வீட்டோடு சேர்ந்தாற்போல் சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். ஒரு காலத்தில் தோட்டத்தில் டிராக்டர் பழுது பார்த்தவர். அவரைக் கூட்டி வந்தேன். வந்தவர் பானெட்டைத் திறக்கவில்லை. முதலில் கேள்வி கேட்டார்.

"இன்ஜின் சுத்துதா, சுத்தலையா?"

இந்த ஒரு கேள்வியே பாதி வேலையை முடித்துவிடும் என்று பிறகு விளக்கினார். இன்ஜின் 'உர்ர் உர்ர்' என்று சுற்றியும் பிடிக்கவில்லை என்றால், பிரச்சினை பெட்ரோல் வருவதில் இருக்கலாம், பிளக்கில் தீப்பொறி விழுவதில் இருக்கலாம். சுற்றவே இல்லை என்றால் பெட்ரோல் பக்கமே போகத் தேவையில்லை. பேட்டரி, அதன் முனைகள், கேபிள்கள், ஸ்டார்ட்டர் மோட்டார் என்று மின்சாரம் போகும் பாதையைத்தான் பார்க்க வேண்டும்.

"சத்தம் எப்படி? ஒரே 'டக்'கா, 'டக டக டக'வா?"

"ஒரே டக் அங்கிள்."

"லைட்டைப் போடு. இப்ப சாவியைத் திருப்பு. லைட் மங்குதா?"

மங்கவில்லை. லேசாக ஒரு துடிப்பு, அவ்வளவுதான். எனக்குள்ளே ஏதோ உறைத்தது. 'அண்ணே, இப்பவும் லைட் நல்லா எரியுதே' என்று அவன் சொன்னதும் இதைத்தான்.

அங்கிள் விளக்கினார். ராத்திரி முழுக்க லைட் எரிந்து பேட்டரி இறங்கியிருந்தால், காலையில் லைட்டே மங்கலாக, மஞ்சளாகத்தான் இருக்கும். சாவியைத் திருப்பினால் அதுவும் அணைந்துபோகும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு அவ்வளவு மின்சாரம் வேண்டும். லைட் பளிச்சென்று நின்றால் ஒன்றுதான் அர்த்தம்: மின்சாரம் இருக்கிறது, ஆனால் ஸ்டார்ட்டருக்குப் போகவில்லை.

பிறகு மல்டிமீட்டரை எடுத்தார். பேட்டரி 12.6 வோல்ட் காட்டியது. நிறைந்த பேட்டரி. சாவியைத் திருப்பச் சொன்னார். 12க்குக் கீழே எண் இறங்கவே இல்லை. "பேட்டரிக்கு வலு இல்லைன்னா இந்த நேரத்துல பத்துக்குக் கீழ விழுந்துடும். விழலையே." அடுத்து, கருவியின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மற்றொன்றை இன்ஜினின் வெறும் இரும்பிலும் வைத்து, மறுபடி திருப்பச் சொன்னார். இந்த இரண்டும் ஒரே கேபிளின் இரு நுனிகள். நல்ல கேபிளாக இருந்தால் அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாதாம். கருவி ஐந்துக்கு மேல் காட்டியது. மின்சாரம் போன வழியே திரும்பி வரப் பாதை இல்லை.

அங்கிள் ஒரு ஜம்பர் கேபிளை எடுத்தார். பேட்டரி எதிர்முனைக்கும் இன்ஜின் இரும்புக்கும் நேராக மாட்டினார். "திருப்பு." இன்ஜின் உடனே பிடித்தது. அடைக்கச் சொன்னார். கேபிளைக் கழற்றினார். "திருப்பு." 'டக்'. மறுபடி மாட்டினார். பிடித்தது.

"ஏன் அங்கிள் மூணு தடவை? முதல் தடவையே ஆகிடுச்சே."

"ஒரு தடவை ஆனா தற்செயலா இருக்கலாம். வெச்சா ஓடணும், எடுத்தா நிக்கணும், திரும்ப வெச்சா திரும்ப ஓடணும். அப்பதான் அது காரணம்."

பேட்டரித் தட்டுக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அந்தக் கறுப்பு கேபிள் போல்ட்டில் மாட்டியிருக்கும் முனை பச்சைப் பொடி பூத்துக் கிடந்தது. தொட்டதும் உதிர்ந்தது. எத்தனையோ வருஷம் மழையும் சூடும் அதைத் தின்றிருக்கின்றன. புதிய கேபிளுக்கும் கூலிக்கும் சேர்த்து 40 வெள்ளி வாங்கிக்கொண்டார்.

"அப்போ புது பேட்டரி போட்டதும் எப்படி அங்கிள் ஓடுச்சு?"

"பழசைக் கழட்டறப்போ அந்தக் கேபிளை இழுத்து வளைச்சிருப்பாங்க. கீழ் முனை கொஞ்சம் திரும்பிப் பிடிச்சிருக்கும். நாலு நாள் ஓடி, அதிர்ச்சியிலே திரும்ப விட்டுடுச்சு. உன் பேட்டரி சாகலேப்பா. இதே சத்தம், இதே லைட்டுன்னா அன்னிக்கும் இதே வியாதிதான்."

அளவை

சித்தாந்த வகுப்புக்குப் போனவர்களுக்கு 'அளவை' என்ற சொல் பழக்கமாக இருக்கும். வடமொழியில் பிரமாணம். ஒன்றை எந்த வழியில் அறிந்தோம், அந்த வழி சரியானதா என்று பார்ப்பது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் எழுதிய சிவஞான சித்தியாரின் சுபக்கத்தில், முதல் சூத்திரத்துக்கு முன்னாலேயே அளவைப் பகுதி வந்துவிடுகிறது. இறைவன், உயிர், பாசம் என்று பெரிய விஷயங்களைப் பேசப்போகிறவர், எதை வைத்து அளக்கப்போகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறார். முக்கியமான அளவைகள் மூன்று: காட்சி, கருதல், உரை. கண்ணால் கண்டது, கண்டதை வைத்து ஊகித்தது, நம்பத்தக்கவர் சொன்னது.

இந்த மூன்றையும் நான் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்றிலும் தவறினேன்.

காட்சியில் தவறினேன். லைட் எரிவது கண்ணுக்கு எதிரே இருந்தது. நான் பார்க்கவில்லை. காட்சியிலேயே ஐயம், திரிவு என்று இரண்டு குறைகளைச் சொல்வார்கள். தூரத்தில் நிற்பது கட்டையா ஆளா என்று தெரியாமல் தடுமாறுவது ஐயம். கயிற்றைப் பார்த்துப் 'பாம்பு' என்று அடித்துச் சொல்வது திரிவு. இரண்டில் ஐயம் எவ்வளவோ மேல். ஐயப்படுகிறவன் கிட்டப் போய்ப் பார்ப்பான். திரிவில் இருப்பவன் கம்பை எடுத்துவிடுவான். நான் கம்பை எடுத்தவன்.

கருதலில் தவறினேன். மலையில் புகை தெரிந்தால் அங்கே நெருப்பு இருக்கிறது என்பது அனுமானத்துக்குச் சொல்லும் பழைய உதாரணம். ஆனால் தெரிவது புகைதானா, பனியா என்று முதலில் பார்க்க வேண்டும் என்பதையும் நம் தர்க்க நூலார் சேர்த்தே சொன்னார்கள். 'கார் ஸ்டார்ட் ஆகலே, ஆகவே பேட்டரி இறங்கிவிட்டது, ஆகவே யாரோ லைட்டை அடைக்கவில்லை, ஆகவே இவன்தான்' என்று நான்கு படி ஏறினேன். ஒரு படியையும் தட்டிப் பார்க்கவில்லை. அதோடு, அங்கிள் மூன்று தடவை மாட்டிக் கழற்றிக் காட்டியதற்கு நம் தர்க்கத்தில் பெயரே இருக்கிறது: அன்வயம், வியதிரேகம். அது இருந்தால் இதுவும் இருக்கிறதா, அது இல்லாவிட்டால் இதுவும் இல்லையா என்று இரண்டு பக்கமும் பார்ப்பது. அங்கிளுக்கு அந்தச் சொற்கள் தெரியாது. எனக்குச் சொற்கள் மட்டும்தான் தெரிந்திருந்தன.

புது பேட்டரி போட்டதும் கார் ஓடியதே, அதுதான் எனக்கு நேர்ந்த பெரிய கெடுதல் என்று இப்போது தோன்றுகிறது. மருந்து கேட்டது என்பதற்காக நோயைச் சரியாகக் கண்டுபிடித்தோம் என்று ஆகாது. ஒரு பையனை விலக்கிவைத்தோம், அதன் பிறகு கிளையில் பிரச்சினை இல்லை, ஆகவே பிரச்சினை அவன்தான் என்று எத்தனை இடத்தில் முடிவு கட்டியிருக்கிறோம்? கேபிள் அங்கேயே உளுத்துக்கொண்டிருக்கும். நான்கு நாள் ஓடும்.

கடைசியில் உரை. இதில் தவறியதுதான் எனக்கு மிகவும் உறுத்துகிறது. நம்பத்தக்கவர் சொல்லை ஏற்கலாம் என்பது சரி. ஆனால் நான் அதைத் திருப்பிப் போட்டுப் புரிந்துகொண்டேன்: 'இவன் நம்பத்தக்கவன் இல்லை, ஆகவே இவன் சொல்வது பொய்.' அவன் சொன்னது, "என்னை நம்புங்க" என்பதல்ல. "லைட் எரியுது, பாருங்க" என்பது. அதைச் சரிபார்க்க அவனை நம்ப வேண்டிய அவசியமே இல்லை. தலையை நிமிர்த்திப் பார்த்தால் போதும். எது யார் வாயிலிருந்து வந்தாலும் அதன் உண்மையைத் தேடிப் பார்ப்பதுதான் அறிவு என்று திருக்குறளில் அறிவுடைமை அதிகாரம் சொல்வதை நாம் எல்லோரும் பள்ளியில் மனனம் செய்தவர்கள்தான். அன்று அங்கே நின்றவர்களில் சரியாக நோய் நாடியவன் அவன் ஒருவன்தான்.

சந்தேகமே கூடாதா?

இதை நண்பர்களிடம் சொன்னபோது ஒருவர் கேட்டார்: "அப்போ யாரையும் சந்தேகப்படவே கூடாதா? இயக்கத்தை நடத்துறவங்க கணக்கு, சாவி, பிள்ளைங்க பாதுகாப்பு எல்லாம் பார்க்கணும்ல?"

நியாயமான கேள்வி. அங்கிளும் சந்தேகப்பட்டார். பேட்டரி, முனை, கேபிள், ஸ்டார்ட்டர் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார். ஆனால் அவருடைய சந்தேகம் சோதனைக்குத் தொடக்கம். என்னுடைய சந்தேகம் தீர்ப்பு. இன்னொன்றும் கவனித்தேன். அவர் சோதித்த வரிசை, எதன் மேல் அதிகச் சந்தேகமோ அதிலிருந்து தொடங்கவில்லை. எது சுலபமோ, எதற்குக் காசு செலவில்லையோ அதிலிருந்து தொடங்கியது. காது கொடுத்துக் கேட்பதற்குச் செலவில்லை. லைட்டைப் பார்ப்பதற்குச் செலவில்லை. மனிதர்களிடமும் அப்படித்தான். தனியாகக் கூப்பிட்டு, "என்னப்பா நடந்துச்சு?" என்று கேட்பதைவிட மலிவான சோதனை இல்லை.

"நேரம் இல்லையே" என்றும் சொல்லலாம். உண்மைதான், அன்று ஏழு மணிக்கு மல்டிமீட்டர் வைத்துப் பார்க்க நேரமில்லை. ஆனால் அப்போது எங்களுக்கு அவசரமாகத் தேவைப்பட்டது இன்னொரு கார். ஒரு குற்றவாளி அல்ல. செயலுக்கு அவசரம் இருக்கலாம். தீர்ப்புக்கு அன்று என்ன அவசரம்? காரைத் தேடியிருந்தால் அந்தப் பத்து நிமிடமாவது மிஞ்சியிருக்கும். அந்தப் பிள்ளையின் வாய்ப்பு போனதற்கு நான் கத்திய நேரமும் ஒரு காரணம்.

இதையும் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் அந்தக் காரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்குகிறோம். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அந்தக் கேபிளை நான் தொட்டதில்லை. கருவியை வணங்குவது என்றால் அதைப் பேணுவதும் சேர்ந்ததுதானே. காரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. பழி மட்டும் அவனுக்குப் போனது.

அவன் வீட்டில்

வெள்ளிக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தார். கேபிள் விஷயத்தைச் சொல்லி, "தப்பு என் மேலதான் தம்பி, மன்னிச்சிடு" என்றேன்.

"பரவால்லண்ணே" என்றான். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான்: "எனக்கு அன்னிக்கே தெரியும்ண்ணே, பேட்டரி இல்லன்னு. ஆனா பிள்ளைங்க முன்னாடி சொல்லிட்டீங்க."

அதற்கு நான் என்ன பதில் சொல்ல? தவறான பேட்டரிக்கு 230 வெள்ளி போனது. அது போகட்டும். பத்துப் பேர் முன்னால் சொன்ன பேச்சை ஒரு வீட்டு ஹாலில் தனியாக வந்து திரும்ப எடுக்க முடியாது என்று அப்போதுதான் புரிந்தது. அடுத்த ஞாயிறு வகுப்பில், பிள்ளைகளையும் கூட்டி வந்த பெற்றோரையும் உட்கார வைத்து, நடந்தது முழுவதையும் சொன்னேன். "அண்ணன் பார்க்காம பேசிட்டேன்" என்றேன். போட்டியில் வாய்ப்பு இழந்த பிள்ளை கேட்டது: "அப்போ அந்த அண்ணன் வருவாங்களா?" அவன் அன்று வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை.

ஒரு மாதம் கழித்து வந்தான். இப்போது வருகிறான். நாற்காலி அடுக்குகிறான், பிள்ளைகளோடு பேசுகிறான். ஆனால் கார் சாவியைக் கொடுத்தால், "வேற யாராவது ஓட்டட்டும்ண்ணே" என்கிறான். நான் வற்புறுத்துவதில்லை. ஒவ்வொரு தடவையும் கேட்பதை மட்டும் நிறுத்தவில்லை.

இளையோரே, நம்மில் பலர் கிளையை நடத்துகிறவர்கள், வகுப்பெடுக்கிறவர்கள், தம்பி தங்கைகளுக்கு மூத்தவர்கள். நாம் சொல்லும் ஒரு சொல் ஒருவர் மேல் நெடுநாள் ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை ஏதாவது கோளாறு வந்து, யாரையாவது நோக்கி விரல் நீளும்போது, பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் அங்கிள் செய்ததைச் செய்வோம். முதலில் கேட்போம். பிறகு பார்ப்போம். வைத்தும் எடுத்தும் சோதிப்போம். அது வரைக்கும் யார் பெயரையும் சொல்ல வேண்டாம். சொல்லித் தவறிவிட்டால், எந்த இடத்தில் சொன்னோமோ அதே இடத்தில் நின்று திருத்திச் சொல்வோம். நான் இதை இந்த இதழில் எழுதுவதும் அதற்காகத்தான்.